ஸ்டோரில் வளர்ந்த கங்காணி

ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவளிடம் என்ன பெரிய அனுபவம் இருந்துவிடப் போகிறது? ஸ்பேனர் கொடுத்தேன், ஸ்பேனர் வாங்கினேன். இதைச் சொன்னால் விடமாட்டேன் என்கிறார்கள். நான் வேலை பார்த்த தொழிற்பயிற்சிப் பள்ளியிலிருந்து போன வாரம் நாலு பிள்ளைகள் வந்தார்கள். பரீட்சைக்கு ஒரு ரோபோ நாய்க்குட்டி செய்திருக்கிறார்களாம். அதை என் காலடியில் விட்டார்கள். அது ஓடி வந்து முழங்காலில் முகத்தை உரசியது, வாலை ஆட்டியது, கண்ணில் நீல விளக்கு எரிய என்னைப் பார்த்தது.

"உங்க காலத்துலயே நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு நாய் செஞ்சாங்களாமே மேடம்? அதுவும் இப்படித்தான் பாசமா இருக்குமா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

பாசமா! சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. "இருங்க கண்ணு, எழுதியே தர்றேன்" என்றேன். அதனால் இந்தக் கட்டுரை. ஊக்கம் கீக்கம் எல்லாம் இதில் இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ரங்கநாயகி. அப்பாவுக்குக் குன்னூர் மார்க்கெட்டில் வர்க்கிக் கடை. பள்ளிப் படிப்பு முடிந்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மாப்பிள்ளை வருவதற்கு முன்னால் வேலை வந்துவிட்டது. எனக்குப் பயிற்சி என்று ஒன்று நடந்தது, ஒரு மத்தியானம். பழைய ஸ்டோர் கீப்பர் சாவிக் கொத்தைக் கையில் கொடுத்து, "யாரையும் நம்பாதே, உன் அப்பனே வந்து சுத்தியல் கேட்டாலும் டோக்கனை வாங்கு" என்று சொல்லிவிட்டு மேட்டுப்பாளையம் பஸ் பிடித்துப் போய்விட்டார்.

டோக்கன் என்றால் பித்தளை வில்லை. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் ஐந்து கொடுப்போம், அதில் அவருடைய எண் குத்தியிருக்கும். ஸ்டோர்ச் சுவரெல்லாம் ஆணி. ஒவ்வொரு ஆணிக்கும் பின்னால் அதில் தொங்க வேண்டிய கருவியின் உருவத்தைக் கறுப்பு பெயின்ட்டில் வரைந்திருக்கும். ஒருவர் அரம் கேட்டால் ஒரு வில்லையை வாங்கி, அரத்தைக் கழற்றிக் கொடுத்து, அந்த ஆணியில் வில்லையை மாட்ட வேண்டும். சாயங்காலம் நான் சுவரை ஒரு பார்வை பார்ப்பேன். ஆணியில் வில்லை தொங்கினால் கருவி வெளியே இருக்கிறது. வில்லையும் இல்லை, கருவியும் இல்லை என்றால் தொலைந்தார்கள், கேட்டைத் திறக்க விடமாட்டேன். என்னை வாத்தியார்களே "ஸ்டோரம்மா" என்று கொஞ்சம் பயந்துதான் கூப்பிடுவார்கள். நானும் அதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப் சூப்பிரண்டு தேவநேசன் சார் நாகர்கோவில்காரர். பல வருஷம் கப்பல் இன்ஜின் அறையில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே சத்தத்தில் மனிதர்களோடு பேச முடியாது போலிருக்கிறது, இயந்திரங்களோடு பேசிப் பழகிவிட்டார். மனுஷன் யாரையும் முகத்தைப் பார்த்துத் திட்ட மாட்டார். நேராக லேத் இயந்திரத்திடம் போய் நின்று, அதன் தலையில் கை வைத்து, "என்ன லேத்தே, உனக்கு எண்ணெய் விடணும்னு யாருக்குமே தோணலையா? நீ அநாதையா?" என்று உருக்கமாகக் கேட்பார். பக்கத்தில் நிற்கிறவனுக்கு வேர்த்துக்கொட்டும். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஸ்டோர்ப் பூட்டிடம் சொல்வார். "பூட்டே, இன்னிக்கு நீ பத்து நிமிஷம் லேட்டா தொறந்தே." முதல் மாதம் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. பிறகு நானும் பூட்டைப் பார்த்தே, "மழைங்க, பஸ் வரலைங்க" என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டேன்.

அப்போது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் கப்பலேறி வந்துகொண்டிருந்த காலம். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, ரயிலேறி மலைக்கு வருவார்கள். இங்கேயும் தேயிலைதான். அவர்களில் தொழில் கற்க விரும்புகிறவர்களுக்கு எங்கள் பள்ளியில் வயதைத் தளர்த்தி ஒரு பிரிவு தொடங்கினார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பரீட்சை ஒரு முறைதான். தேறாவிட்டால் இரண்டாம் தடவை கிடையாது.

அந்தப் பிரிவில் ஒருவர் சிவனு. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிட மூத்தவர், கல்யாணமாகிப் பெண்குழந்தையும் உண்டு. மனைவி இங்கே கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் அவர் இரும்பறுக்கும் ஆக்சா பிளேடு வாங்க வந்தபோது, "ஏனுங்க சிவனு, இந்த வயசுல எதுக்கு இந்தப் பாடு? நீங்களும் தோட்டத்துக்கே போயிருக்கலாமில்லீங்க?" என்று வாய் இருக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"வேணாங்க ஸ்டோரம்மா" என்றார். "எங்கப்பா காய்ச்சலோட மலையில நின்னாருங்க. முடியாம தேயிலை நெரையில உக்காந்துட்டாரு. வேலை வாங்குற கங்காணி வந்து அரைப்பேருதான் போட்டான். அரை நாள் சம்பளம் போச்சுங்க. அது பரவால்ல. உக்காந்ததுக்காக அத்தனை பேரு முன்னாடியும் அவரை எந்திரிச்சு நிக்க வச்சு ஏசுனான் பாருங்க. அதுதான் எனக்கு ஆறலைங்க. இந்தப் பரீட்சை மட்டும் பாஸாயிட்டா மேட்டுப்பாளையத்துல ஒரு பட்டறைல எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. பெயிலாயிட்டா திரும்ப மலைதாங்க."

 புது பிளேடாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம் பார்த்துப் பரீட்சை முறையை மாற்றிவிட்டார்கள். வழக்கமாக இரும்பில், பொருளைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்று செய்து காட்டினால் போதும். இப்போது, இரண்டு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டுப் பொருளைத் தாங்களே யோசித்து வடிவமைத்துச் செய்ய வேண்டும். வாத்தியார் வாயைத் திறக்கவே கூடாது என்று உத்தரவு. ஒரு ஜோடிக்குப் பொம்மை லாரி, ஒரு ஜோடிக்கு ராட்டினம். சிவனுவுக்கும் அவருடைய ஜோடியான போஜனுக்கும் வந்தது, தானாக நடமாடும் வளர்ப்புப் பிராணி. போஜன் பக்கத்துக் கேத்தி ஊர்க்காரப் படுகர் வீட்டுப் பையன், சிரித்த முகம், கேரட் தோட்டத்தை விட்டு முதல் முதலாக வெளியே வந்தவன். சூப்பிரண்டு இதை லேத்திடம்தான் அறிவித்தார். "லேத்தே, நாய் வளர்க்க முடியாத வீட்டுக் குழந்தைக்கு ஒரு நாய் வேணுமாம். உன் பக்கத்துல நிக்கிற ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடு."

அன்றிலிருந்து என் ஸ்டோருக்குச் சனி பிடித்தது. பழைய ஜீப்பின் வைப்பர் மோட்டார் கேட்டார்கள், கொடுத்தேன். மோட்டார் சைக்கிள் பேட்டரி, கொடுத்தேன். ரப்பர் பந்து வைத்த பழைய பஸ் ஹாரன், அதையும் கொடுத்தேன். நசுங்கிய அலுமினியக் கெட்டில் ஒன்று கேட்டபோதுதான், "எதுக்குடா சாமி?" என்றேன்.

"மூஞ்சிக்கு அக்கா" என்றான் போஜன். கெட்டிலின் மூக்குத்தான் நாயின் மூக்காம்.

உடம்பு இரும்புத் தகடு. அதற்குள் போஜன் இரும்புத் துண்டுகளாகப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டால், "கனமில்லாட்டி காட்டுப்பன்னி முட்டித் தள்ளிரும் அக்கா" என்கிறான். குழந்தை விளையாடுகிற வீட்டுக்குள் காட்டுப்பன்றி எங்கிருந்து வரும்? கேத்தியில் நாய் என்றால் ராத்திரி தோட்டம் காக்கிற நாய். அதற்குப் பன்றியும் காட்டெருமையும்தான் சிநேகிதம். கடைசியில் அந்தப் பொம்மை ஒரு மூட்டை கேரட் கனம் இருந்தது. அதைக் குழந்தை தூக்க வேண்டுமென்றால் முதலில் அந்தக் குழந்தைக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறக்க வேண்டும்.

சிவனுவின் வேலை நாயின் புத்தி. அதில் அவர் பொல்லாத சூரர். நாயின் முன்னால் தரையை ஒட்டி ஒரு கம்பி நீட்டியிருந்தது. கம்பி எதன்மேலும் முட்டாதவரை நாய் உருண்டு போய்க்கொண்டே இருக்கும். முட்டினால் சக்கரம் நின்று, கெட்டில் மூக்கு மேலே தூக்கி, ஹாரன் பந்து அமுங்க ஆரம்பிக்கும். குரைப்புக்கும் இருமலுக்கும் நடுவே ஒரு சத்தம் வரும். தடையை எடுக்கும்வரை நிற்காது. எடுத்துவிட்டால் மறுபடி நகர்ந்து அடுத்த இடத்துக்குப் போகும். நிறுத்தும் ஸ்விட்ச் வயிற்றுக்கு அடியில்.

முதல் வெள்ளோட்டத்தைக் காலை டீ நேரத்தில் வைத்தார்கள். எல்லோரும் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து, காலை நீட்டி, டீ குடித்துக்கொண்டிருந்தோம். போஜன் நாயை விட்டான். அது மெதுவாக வந்தது, முதல் ஆளின் பூட்ஸில் முட்டியது, நின்றது, கெட்டில் மூக்கைத் தூக்கி அவன் முகத்தைப் பார்த்துக் குரைத்தது.

இலங்கையிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு முழுக்க ஒரே சமயத்தில் எழுந்து நின்றுவிட்டது. யாரும் சொல்லவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்து, தலையில் கட்டியிருந்த மஃப்ளரை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையாக நின்றார்கள். முதல் ஆளும் காலை இழுத்துக்கொள்ள, நாய் தடையில்லாமல் அவர்கள் முன்னால் ஊர்வலம் போனது. மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நின்றவர்களும் தாங்கள் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் சிரித்தார்கள். ஆனால் உட்காரவில்லை.

சூப்பிரண்டு வந்து நாயின் முன்னால் குனிந்தார். "நாயே, எதுக்கு எல்லாரையும் எழுப்பி விடறே?"

நாய்க்காகச் சிவனு பதில் சொன்னார். "வளக்குற நாயின்னா அதுதானுங்களே சார் செய்யும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னுங்க சிவனு இது? நாய்னா வாலாட்டும், மடியில வந்து படுக்கும், போட்டதத் திங்கும். நீங்க நாயே பார்த்ததில்லீங்களா?"

"நாங்க குடியிருந்த லயத்துல நாயிங்க திரியுங்க ஸ்டோரம்மா. ஆனா அதை யாரும் வளக்கலை, அதும்பாட்டுக்கு வாழும். வளத்த நாயின்னா தோட்டத்துப் பெரிய தொரை வீட்டு நாயி ஒண்ணுதான். தொரை மலைக்கு வாறதுக்கு முந்தி அது வரும். நெரையில யாராவது உக்காந்திருந்தா முன்னாடி நின்னு குலைக்கும். எந்திரிச்சாத்தான் போகும். அது வந்துச்சின்னா பின்னாடியே கங்காணி வாறான், தொரை வாறாருன்னு அர்த்தம்."

"மடியில படுக்காதா?"

"தொரை மடியில படுக்கும்ங்க. நம்மகிட்ட வேலைதான் பாக்கும்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வாத்தியாரைப் பார்த்தேன். அவர் உத்தரவுப்படி வாயை இறுக மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். பரீட்சை வடிவம் பதிவாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. வேண்டுமானால் எதையாவது சேர்க்கலாம். அன்பாக ஏதாவது சேருங்கள் என்று நான் கத்தினேன். மறுநாள் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷில் ஒரு வால் வைத்தார்கள். அதற்குத் தனி மோட்டார் ஏது? ஹாரன் ஓடுகிற மோட்டாரிலேயே வாலையும் இணைத்தார் சிவனு. அதனால் குரைக்கும்போது மட்டும் வால் ஆடியது. ஆளை எழுப்புவதில் அந்த நாய்க்கு அப்படி ஒரு சந்தோஷம் என்று பார்த்தவர்கள் நினைக்கும்படி ஆயிற்று.

இதில் ரொம்பவும் மகிழ்ந்தவர் சூப்பிரண்டுதான். வாழ்நாளில் முதல் முறையாக அவருக்குப் பதில் சொல்லும் இயந்திரம் கிடைத்துவிட்டது. டீ நேரம் முடிந்தால் மணி அடிப்பதை விட்டுவிட்டு நாயை அனுப்ப ஆரம்பித்தார். பயிற்சியாளர்கள் அதற்குக் "கங்காணி" என்று பெயர் வைத்தார்கள். ராத்திரி அது ஸ்டோரில் இருக்கும். ஸ்டோரை விட்டு எந்தப் பொருளும் டோக்கன் இல்லாமல் வெளியே போகக் கூடாதே! நான் விடாப்பிடியாக நின்றதால் சூப்பிரண்டு கங்காணிக்குத் தனி எண் போட்டு வில்லை அடித்துக் கழுத்தில் மாட்டினார். அதற்குப் பிறகு காலையில் வருகைப் பெயர் கூப்பிடும்போது அதன் எண்ணையும் கூப்பிட்டார். போஜன் ஸ்விட்சைத் தட்டிக் கம்பிக்கு முன்னால் காலை வைப்பான், அது குரைக்கும். ஒரு நாள்கூட லீவு போடாதது எங்கள் பள்ளியில் அது ஒன்றுதான்.

என்னையும் அது விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் கவுன்ட்டருக்குப் பின்னால் வந்து என் செருப்பில் முட்டிக் குரைத்தது. "அட கண்றாவியே, என்னையே எழுப்பறியா?" என்று ஓர் உதை விட்டேன். இரும்பு மூட்டை அல்லவா? கட்டைவிரல் வீங்கி இரண்டு நாள் நொண்டினேன். சூப்பிரண்டு பூட்டிடம் வருத்தம் தெரிவித்தார்.

சிரிப்பெல்லாம் பரீட்சை நெருங்க நெருங்க வற்றிவிட்டது. கங்காணி குரைக்கும்போது சிவனு ஒரு தடவைகூட அதன் பக்கத்தில் போனதில்லை என்பதை நான் கவனித்தேன். அணைத்து வைத்திருந்தால் திருகாணி முடுக்குவார், எண்ணெய் விடுவார், கெட்டிலைத் துடைப்பார். குரைக்க ஆரம்பித்தால் நாலடி தள்ளி நேராக நின்றுவிடுவார். எப்போதும் போஜன்தான் போய் அணைப்பான். "நீங்க செஞ்சதுதானுங்களே?" என்று கேட்டேன். "புத்திக்குத் தெரியுதுங்க, காலுக்குத் தெரிய மாட்டேங்குது" என்றார்.

பரீட்சை அதிகாரி கோயமுத்தூரிலிருந்து வந்தார். பரமசிவம் என்று பெயர், கனத்த சரீரம். நாங்கள் கும்பிட்ட சாமி எதுவோ, அந்த மனுஷர் வீட்டுக் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, ஒரு கால் முழுக்க மாவுக்கட்டோடு வந்து இறங்கினார். காலை மடக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காலைத் தரையில் நீட்டிக்கொண்டார். 

லாரி வந்தது, போனது. ராட்டினம் சுற்றியது. அடுத்து கங்காணி. நேராக வந்து மாவுக்கட்டில் முட்டியது. மூக்கைத் தூக்கியது. குரைத்தது. வால் ஆடியது. மற்ற யாராக இருந்தாலும் காலை இழுத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது எழுந்திருப்பார்கள். பரமசிவம் சாரால் இரண்டும் முடியவில்லை. நாயும் விடவில்லை.

"நிறுத்துங்கய்யா இதை!" என்று அலறினார். போஜன் பாய்ந்தான். "நீ இரு தம்பி. இதுக்கு மூளை வச்சது யாரு? அவர் வந்து நிறுத்தட்டும்" என்றார் அதிகாரி.

சிவனு மஃப்ளரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சுவர் ஓரமாக விறைத்து நின்றார்.  போகச் சொல்லி நான் கையைக் காட்டினேன், வாத்தியார் கண்ணைக் காட்டினார். கால் நகரவில்லை.

"செஞ்சவரே கிட்ட வரப் பயப்படறாரு. இதை வச்சு எந்தக் குழந்தை விளையாடும்? பெயில் போடறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை" என்றார் அதிகாரி, குரைப்புக்கு மேலே குரலை உயர்த்தி.

சூப்பிரண்டு நாயின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "நாயே, இந்த ஆளுக்கு மறு பரீட்சை கிடையாது. பெயிலானா திரும்ப மலைக்குத்தான் போகணும். இன்னும் ஒரே ஒரு சந்தர்ப்பம் கொடுக்கச் சொல்லி நீயாவது கேளு."

"யார்கிட்டய்யா பேசறாரு இவரு?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"உங்ககிட்டத்தானுங்க சார். எங்ககிட்டயும் இப்படித்தானுங்க" என்றேன்.

அவர் நாயைப் பார்த்தார், சூப்பிரண்டைப் பார்த்தார், மூச்சு விட்டார். "சரி. இதை வச்சு ஒரு குழந்தை எப்படி விளையாடும்னு அவர் இப்பவே விளையாடிக் காட்டட்டும். காட்டினா பாஸ்."

எல்லோரும் சிவனுவைப் பார்த்தோம். அவர் மஃப்ளரை எடுத்தார். விரித்தார். தலையில் கட்டிக்கொண்டார். முடிச்சு இரண்டு தடவை நழுவியது. பிறகு நடந்து வந்து, நாயின் எதிரே, சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக முன்னால் நீட்டினார்.

போஜன் அதிகாரியின் மாவுக்கட்டுக் காலைத் தாங்கி ஓரமாக நகர்த்தினான். கங்காணி உருண்டு போய்ச் சிவனுவின் பாதத்தில் முட்டியது. முகத்தைப் பார்த்துக் குரைத்தது.

அவர் எழுந்திருக்கவில்லை.

நாய் குரைத்தது. தொடையைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் வெளுத்துப்போயின. இடுப்பு ஒரு முறை தரையிலிருந்து எழும்பியதை நான் பார்த்தேன். "எந்திரிச்சறாதீங்க சிவனு!" என்று கத்தியேவிட்டேன். பரீட்சையில் ஸ்டோர் கீப்பர் பேசக் கூடாது. பேசினேன், என்ன செய்வார்கள்? இடுப்பு மறுபடி தரையில் படிந்தது.

"என்ன விளையாட்டுய்யா இது?" என்றார் அதிகாரி.

"எந்திரிக்காம இருக்கணும்ங்க சார்." சிவனு நாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார். "அது ஓயுற வரைக்கும். எந்திரிச்சவங்க தோத்துட்டாங்க."

சுவர் ஓரம் நின்ற அவருடைய கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். அப்புறம் பக்கத்தில் இருந்தவர். அப்புறம் எல்லோருமே காலை நீட்டிவிட்டார்கள். கங்காணி குரைத்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் குரைப்பு இருமலாயிற்று. இருமல் இழுப்பாயிற்று. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. வால் கடைசியாக ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஹாரன் பந்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அதோடு ஓய்ந்தது.

சிவனு கையை நீட்டி அந்தக் கெட்டில் தலையைத் தடவிக் கொடுத்தார். "அவ்வளவுதான்டா" என்றார். "போய்ப் படு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அதிகாரி தாடையைத் தடவினார். "என் பேரன் இதை நாள் பூரா விளையாடுவான்யா" என்றார். "பாஸ். எழுந்து வந்து கையெழுத்துப் போடுங்க."

சிவனு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்ச நேரம் உக்காந்திருந்துட்டு வாறேனுங்க சார்."

 அதிகாரி தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். நான் கொண்டுபோய்த் தரையில் வைத்தேன். சிவனு உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார்.